நியாண்டர்தால் எலும்பிலிருந்து குடியிருப்பு வரை: தள அறிக்கையைப் படிக்கும் முறை

நியாண்டர்தால்கள் நமக்கு நெருங்கிய, மறைந்துபோன ஒரு மனித இனம். "குகையில் நியாண்டர்தால் எலும்பு கிடைத்தது" என்பது ஒரு செய்தி. "அந்தக் குகையில் நியாண்டர்தால்கள் குடியிருந்தார்கள்" என்பது ஒரு முடிவு. இரண்டுக்கும் நடுவே எட்டுப் படிகள் இருக்கின்றன. புதிதாக இந்தத் துறைக்குள் வரும் மாணவர்களும், அறிவியல் எழுதுபவர்களும் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: முதல் படியில் நின்றபடியே கடைசிப் படிக்குத் தாவுகிறார்கள்.

ஒரு தளத்தின் அகழாய்வு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறும் முறை இது. வழி முழுக்க மூன்று சொற்களை மனத்தில் வைத்திருங்கள்: வந்துபோனார்கள், தங்கினார்கள், குடியிருந்தார்கள். இந்த மூன்றில் எதை எழுத உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறிக்கையின் முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படிக்காதீர்கள். அவற்றைப் படித்துவிட்டால் ஆய்வாளரின் கதை உங்கள் தலைக்குள் ஏறிவிடும். பிறகு அட்டவணைகளிலும் அதையே தேடுவீர்கள். முதலில் இந்த ஐந்தையும் தனியே எடுத்து வையுங்கள்.

- குகையின் தரைப்படம். பெரும்பாலும் 1 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.
- மண்ணடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம்.
- மனித எலும்புகளின் பட்டியல்: எந்த எலும்பு, இடமா வலமா, எந்தக் கட்டம், எந்த அடுக்கு, என்ன ஆழம்.
- காலக்கணிப்பு அட்டவணை: எந்த மாதிரி, எந்த முறை, பிழை வரம்பு என்ன.
- விலங்கு எலும்புகள், கல் கருவிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை, அடுக்கு வாரியாக.

ஐந்தில் ஒன்று கிடைக்காவிட்டாலும் வேலையைத் தொடரலாம். ஆனால் எது கிடைக்கவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கடைசியில் நீங்கள் எழுதும் வாக்கியத்தின் பலத்தை அந்த இல்லாமைதான் தீர்மானிக்கும்.

## 1. எலும்பு கிடந்த இடத்தைப் படத்தில் குறியுங்கள்

மனித எலும்பு ஒவ்வொன்றையும் தரைப்படத்திலும் குறுக்குவெட்டிலும் புள்ளியாக வையுங்கள். கருவிகளும் நெருப்பு மூட்டிய தடங்களும் அதே அடுக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே குகை என்பது போதாது. ஒரே அடுக்காக இருக்க வேண்டும்.

இதை முதலில் செய்யக் காரணம், இடம் தெரியாத எலும்பு மனிதரைப் பற்றி எவ்வளவோ சொல்லும். குடியிருப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த மனித இனத்துக்கே பெயர் கொடுத்த எலும்புகள் அதற்குச் சான்று. 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில், ஃபெல்ட்ஹோஃபர் குகையின் களிமண்ணைச் சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர்கள் வெட்டிக் கீழே தள்ளினார்கள். மண்டையோட்டின் மேற்பகுதியும் சில எலும்புகளும் மட்டும் தப்பின. பிறகு குகையே வெட்டியெடுக்கப்பட்டது. 1997-லும் 2000-த்திலும் அந்தக் கொட்டிய மண்ணைத் தேடித் தோண்டியபோது கருவிகளும் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் ஒரு சிறு துண்டு 1856-இல் எடுத்த இடது தொடை எலும்போடு கச்சிதமாகப் பொருந்தியது. அற்புதமான மீட்பு. ஆனாலும் எந்தக் கருவி எந்த எலும்பின் பக்கத்தில் கிடந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு வகைச் சிக்கல் ஸ்பெயினின் எல் சித்ரோன். 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட இக்குகையில் குறைந்தது 13 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆனால் அவை கிடந்த உள்ளறை அவர்கள் வாழ்ந்த இடம் அல்ல. மேலே எங்கோ இருந்த எலும்புகளும் கருவிகளும் மண்ணோடு சேர்ந்து சரிந்து உள்ளே விழுந்தன. அந்த அறையின் தரையை வைத்துக் குடியிருப்பைப் படிக்க முயன்றால் வெறும் சரிவைத்தான் படிப்பீர்கள்.

வழக்கமான பிழை: ஆழ அளவை மட்டும் வைத்து இரண்டு பொருள்களை "ஒரே காலத்தவை" என்பது. குகைத் தரை சாய்வாக இருக்கும். வாசல் பக்கம் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அடுக்கு, பின்சுவரருகே 1 மீட்டரிலேயே வந்துவிடலாம். ஆழத்தைப் பார்க்காமல் அடுக்கைப் பாருங்கள்.

## 2. எலும்பைக் கொண்டுவந்தது யார் என்று கேளுங்கள்

குகைக்குள் எலும்பைச் சேர்ப்பது மனிதர் மட்டுமல்ல. கழுதைப்புலி இரையை இழுத்து வரும். குகைக்கரடி குளிர்கால உறக்கத்திலேயே செத்துக் கிடக்கும். வெள்ளமும் சரிவும் மீதியைச் செய்யும். ஆகவே விலங்கு எலும்பு அட்டவணையை இப்போது திறந்து, இரண்டு பத்திகளாகப் பிரித்துக் குறியுங்கள்.

மனிதக் கைக்கான தடயங்கள்: தசை ஒட்டும் இடங்களில் மெல்லிய வெட்டுக்கீறல்கள், மஜ்ஜைக்காக உடைத்த இடத்தில் அடி வடு, தீயில் கருகிய துண்டுகள்.

கழுதைப்புலிக்கான தடயங்கள்: நீண்ட எலும்புகளின் மென்மையான இரு முனைகளும் கடித்துத் தின்னப்பட்டு நடுத்தண்டு மட்டும் மிஞ்சுவது, பல் பதிந்த குழிகள், வயிற்று அமிலத்தில் கரைந்த துண்டுகள், கல்லாகிப்போன சாணம், கழுதைப்புலிக் குட்டிகளின் பால்பற்கள். குட்டிப் பல் இருந்தால் அது வளை. சந்தேகமே வேண்டாம்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியின் குவாத்தாரி குகை போதும். 1939-இல் அங்கே ஒரு நியாண்டர்தால் மண்டையோடு, கல்வட்டத்தின் நடுவே கிடந்ததாகச் சொல்லப்பட்டது. அடிப்பகுதி உடைந்திருந்ததால் மூளையை எடுத்து உண்ட சடங்கு என்று பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. எலும்பின் மேற்பரப்பை நுணுக்கமாகப் பார்த்தபோது வெட்டுக்கீறல் எதுவும் இல்லை. அந்தத் தளம் கழுதைப்புலி வளையின் எல்லா அடையாளங்களையும் கொண்டிருந்தது. 2021-இல் அதே குகையிலிருந்து மேலும் ஒன்பது பேரின் எச்சங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றையும் கழுதைப்புலிகளே சேர்த்திருக்கின்றன. அதாவது, அந்தப் பக்கத்தில் நியாண்டர்தால்கள் இருந்தார்கள் என்பது உறுதி. அந்த அறையை அவர்கள் வீடாக வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த எலும்புகள் சாட்சி ஆகா.

எதிர்ப்பக்கத்துக்கு பிரான்சின் மூலா-கெர்சி. அங்கே மனித எலும்பிலும் மான் எலும்பிலும் ஒரே மாதிரி வெட்டும் உடைப்பும் இருக்கின்றன. மனித உடலையும் மனிதரே அறுத்திருக்கிறார்கள். அது பசியா சடங்கா என்ற கேள்விக்குள் இப்போது போக வேண்டாம். நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது: எலும்பைச் சேர்த்தது மனிதர்.

## 3. காலத்தைச் சரிபாருங்கள்

புதியவர்கள் காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அது மூன்றாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. எலும்பு வேறிடத்திலிருந்து சரிந்து வந்திருந்தால், அதன் வயது பக்கத்தில் கிடக்கும் அடுப்புச் சாம்பலின் வயது ஆகாது.

எலும்பில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்புக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள்தான் எல்லை. நியாண்டர்தால்கள் மறையும் காலம் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன். ஆக, இந்த முறை தடுமாறும் விளிம்பில்தான் நம் கேள்விகள் பாதி கிடக்கின்றன. 50,000 ஆண்டுப் பழைய எலும்பில் தொடக்கத்தில் இருந்த கதிரியக்கக் கார்பனில் சுமார் 0.24 சதவீதமே மிஞ்சும். அதில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால் போதும். எலும்பு 36,000 ஆண்டு வயது காட்டும். இன்றைய கார்பனின் கலப்படம் எலும்பை இளமையாக்குகிறது, அதனால் "கடைசி நியாண்டர்தால்" என்ற தலைப்புச் செய்திகளை இரண்டு முறை சோதியுங்கள்.

குரோஷியாவின் விந்தியா குகை எலும்புகள் ஒரு காலத்தில் 29,000 வயதினவாகச் சொல்லப்பட்டன. எலும்பின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து ஹைட்ராக்சிப்ரோலின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை மட்டும் பிரித்து மீண்டும் கணித்தபோது, 2017-இல், அவை 44,000-க்கும் முந்தியவை என்று தெரிந்தது. பெல்ஜியத்தின் ஸ்பீ குகையிலும் இதே கதை. அங்கே ஒரு தோள்பட்டை எலும்பில் மாட்டு டிஎன்ஏ ஏராளமாக இருந்தது. அருங்காட்சியகத்தில் எலும்பைக் காக்கப் பூசிய மாட்டெலும்புப் பசைதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஸ்பீயின் புதிய காலம் சுமார் 44,000 முதல் 40,600 வரை.

அட்டவணையில் பார்க்க வேண்டியவை:

- கொலாஜன் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் கிடைத்ததா? குறைந்தால் அந்தக் கணிப்பை நம்பாதீர்கள்.
- கார்பன்–நைட்ரஜன் விகிதம் 2.9 முதல் 3.6-க்குள் இருக்கிறதா? வெளியே போனால் கலப்படம் அல்லது சிதைவு.
- கொடுத்திருப்பது கார்பன் அளவிலிருந்து நேரடியாகக் கிடைத்த அளவீட்டு ஆண்டா, அதைத் திருத்திப் பெற்ற நாட்காட்டி ஆண்டா? 36,000 அளவீட்டு ஆண்டு என்பது நாட்காட்டியில் சுமார் 41,000. இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

50,000-ஐத் தாண்டிய தளங்களில் வேறு முறைகள் இருக்கும்: தீயில் வெந்த சக்கிமுக்கிக்கல்லுக்கு வெப்ப ஒளிர்வு, கடைசியாக வெயில் பட்ட மணல் துகளுக்கு ஒளித்தூண்டல் ஒளிர்வு, குகைச் சுண்ணப் படிவுக்கு யுரேனியம்–தோரியம். ஒவ்வொன்றும் வெவ்வேறு நிகழ்வின் வயதைத் தருகிறது. கல் சுட்ட நாள், மணல் புதைந்த நாள், படிவு உறைந்த நாள். எதன் வயது என்பதை எண்ணின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

## 4. எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

துண்டுகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே உடலில் இரண்டு முறை வர முடியாத பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடது மேற்கை எலும்புகள், இரண்டு வலது, பால்பல்லோடு ஒரு கீழ்த்தாடை என்று வைத்துக்கொள்வோம். இடது எலும்புகள் மூன்றும் பெரியவர்களுடையவை என்றால் குறைந்தது நான்கு பேர். இது கீழ் வரம்பு மட்டுமே. "குறைந்தது" என்ற சொல்லை எங்கும் விட்டுவிடாதீர்கள்.

பல் கடினமானது, எலும்பு கரைந்த பிறகும் நிற்கும். அதனால் பல்லை வைத்து எண்ணினால் ஆட்கள் கூடுவார்கள். குரோஷியாவின் கிராபினாவில் பற்களை வைத்து எண்ணியவர்கள் 70–80 பேர் என்றார்கள். எலும்புகளை வைத்து எண்ணும்போது அந்த எண் வெகுவாக இறங்குகிறது.

எண்ணிக்கை வந்ததும் அதைக் "குழுவின் அளவு" என்று எழுதக் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். ஒரே அடுக்கில் கிடப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தே இராமல் நூற்றாண்டுகள் இடைவெளியில் வாழ்ந்திருக்கலாம். குழு என்று சொல்ல வேறு சான்று வேண்டும். சைபீரியாவின் சகிர்ஸ்கயா குகையில் அது கிடைத்தது. அங்கே 11 பேரும், ஒக்லாத்னிக்கோவ் குகையில் 2 பேரும் என 13 பேரின் டிஎன்ஏ 2022-இல் வெளியானது. சகிர்ஸ்கயாவில் ஒரு தந்தையும் அவருடைய பதின்பருவ மகளும் இருந்தார்கள். தந்தையும் மகளும் ஒரே காலத்தவர் என்பதில் கேள்வி இல்லை.

பிரான்சின் லெ ரோசெலில் எலும்பே இல்லாமல் இன்னொரு வழி. 2019-இல் வெளியான ஆய்வில், சுமார் 80,000 ஆண்டுப் பழைய 257 காலடித் தடங்கள் அளக்கப்பட்டன. 10 முதல் 13 பேர். பெரும்பாலும் சிறுவர்களும் பதின்பருவத்தினரும். தடம் காய்ந்து மூடப்படும் நேரம் குறுகியது என்பதால் இந்த எண் ஒரு குழுவுக்கு மிக அருகில் வருகிறது.

## 5. புதைத்ததா, புதைந்ததா

எலும்புக்கூடு முழுமையாக இருந்தால் உடனே "அடக்கம்" என்று எழுதாதீர்கள். கூரை இடிந்து விழுந்தாலும் உடல் முழுமையாகக் கிடக்கும். ஈராக்கின் ஷானிடார் குகையில் அப்படி இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது அதைத் தோண்டியவர்களின் கருத்து.

நான்கு கேள்விகள். வெட்டிய குழியின் விளிம்பு தெரிகிறதா, உள்மண் சுற்றுமண்ணிலிருந்து வேறுபடுகிறதா? மூட்டுகள் கலையாமல் இருக்கின்றனவா? கை, கால் விரல்களின் சிறு எலும்புகள் மிஞ்சியிருக்கின்றனவா? அதே அடுக்கின் விலங்கு எலும்புகள் வெயிலிலும் மழையிலும் வெடித்திருக்க, மனித எலும்பு மட்டும் கெடாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் வலுவானது. பிரான்சின் லா ஷபேல்-ஓ-சேன் எலும்புக்கூடு 1908-இல் கிடைத்தது. நூறாண்டு கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது அது அடக்கமே என்று சொல்ல உதவிய முக்கியமான ஆதாரம் இதுவே.

பூந்தாதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஷானிடாரின் நான்காம் எலும்புக்கூட்டைச் சுற்றிப் பூந்தாது கொத்துக் கொத்தாக இருந்ததால் "மலர் அடக்கம்" என்ற பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த மண்ணில் வளை தோண்டும் கொறிவிலங்குகள் பூத்தலைகளைச் சேமிக்கும். மண்ணில் கூடு கட்டும் தேனீக்களும் தாதைக் கொண்டுவரும். அழகான விளக்கத்துக்குத்தான் அதிகக் கடுமையான சோதனை வேண்டும்.

அடக்கம் உறுதியானாலும் அது குடியிருப்பு ஆகாது. குழி வெட்ட ஒரு பகல் போதும்.

## 6. ஓர் அடுக்குக்குள் எத்தனை வருகை

இதுதான் மொத்த வேலையின் மையம். பொறுமையாகச் செய்யுங்கள்.

குகை மண் மெதுவாகச் சேரும். 10 சென்டிமீட்டர் தடிமனுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அடங்கிக் கிடக்கலாம். படத்தில் ஆறு அடுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் ஆறு குடும்பம் சுற்றி உட்கார்ந்திருந்த காட்சி மனத்தில் வரும். ஸ்பெயினின் எல் சால்ட் தளத்தில் அப்படிப்பட்ட ஆறு அடுப்புகளை எடுத்து, சுட்ட மண்ணில் உறைந்த புவிகாந்தத் திசையை அளந்தார்கள். 2024-இல் வந்த முடிவு: முதல் அடுப்புக்கும் கடைசி அடுப்புக்கும் இடையே குறைந்தது 200 ஆண்டுகள். அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவே பல பத்தாண்டுகள். காட்சி கலைந்துவிட்டது. அதற்குப் பதில் இன்னும் செறிவான ஒன்று கிடைத்தது: தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வந்த இடம்.

பிரான்சின் மாந்த்ரேன் குகையில் கூரையிலிருந்து உதிர்ந்த கற்துண்டுகளில் நெருப்புப் புகையின் கரியும் சுண்ணப் படலமும் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. மர வளையம் போல அவற்றை எண்ணி, வருகைகளைப் பிரிக்கிறார்கள். 54,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நியாண்டர்தால்கள் போய், அதிகபட்சம் ஓராண்டுக்குள் நம் இனத்தவர் வந்தார்கள் என்ற கூற்று இந்த எண்ணிக்கையிலிருந்து வந்தது.

நல்வாய்ப்பாகச் சில தளங்களில் இயற்கையே மூடி போட்டிருக்கும். பார்சிலோனாவுக்கு மேற்கே அப்ரிக் ரொமானி பாறையடியில், நீரில் படிந்த சுண்ணம் ஒவ்வொரு வாழ்தரையையும் தட்டையாக மூடியிருக்கிறது. அங்கே பின்சுவரை ஒட்டிச் சீரான இடைவெளியில் சிறு நெருப்பிடங்கள் தெரிகின்றன. நடுவில் ஆள் படுக்கும் அளவு இடம். தூங்கிய இடம் என்று சொல்ல அது போதுமான தடயம்.

பருவத்தையும் இங்கேயே பாருங்கள். கருவிலிருந்த கலைமானின் எலும்பு கிடைத்தால் அந்த வேட்டை குளிர்காலத்திலோ இளவேனில் தொடக்கத்திலோ நடந்தது. உதிர்ந்த கொம்பை நம்பாதீர்கள். உதிர்ந்து மாதங்கள் கழித்தும் பொறுக்கி வரலாம். மண்டையோட்டோடு ஒட்டிய கொம்புதான் கணக்கு.

## 7. எங்கிருந்து வந்தார்கள்

பல் எனாமல் சிறுவயதில் உருவாகிறது; பிறகு மாறுவதில்லை. உண்ட உணவின் வழியே அந்நிலத்துப் பாறையிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதில் பதிந்துவிடும். கிரேக்கத்தின் லக்கோனிஸில் கிடைத்த ஒரு பல், அதற்குரியவர் குறைந்தது 20 கிலோமீட்டர் தள்ளி வளர்ந்ததைக் காட்டியது. இது சிறுவயது இடம் மட்டுமே. வேட்டைக்கு எவ்வளவு தூரம் போனார் என்று இதிலிருந்து சொல்லக் கூடாது. சுற்றுவட்டாரப் பாறைகளின் அளவுகள் அறிக்கையில் இல்லாவிட்டால் பல்லின் எண்ணுக்குப் பொருளே இல்லை.

டிஎன்ஏ இன்னொரு திசையில் உதவும். எல் சித்ரோனில் வளர்ந்த ஆண்கள் மூவருக்கும் ஒரே தாய்வழி. பெண்கள் மூவருக்கும் மூன்று வெவ்வேறு தாய்வழிகள். சகிர்ஸ்கயாவிலும் பெண்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேறு குழுக்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பெண்கள் இடம் பெயர்ந்து வந்து சேர்ந்தார்கள் என்பது இப்போதைக்கு நல்ல விளக்கம். இரண்டு தளத்தை வைத்து நியாண்டர்தால் உலகம் முழுவதற்கும் பொதுவாக்காதீர்கள்.

கருவியை வைத்து இனத்தைச் சொல்வது இந்தப் படியின் பெரும்பிழை. இஸ்ரேலின் கபாராவில் நியாண்டர்தால் எலும்புக்கூட்டோடு கிடைத்த வகைக் கருவிகளே, கஃப்சேயிலும் ஸ்கூலிலும் நம் இனத்தவரின் எலும்புகளோடு கிடைக்கின்றன. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் இடைப்பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் வரை பின்னே போகின்றன. மனித எலும்பு அங்கே கிடைக்கவில்லை. அந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்கு இனப்பெயர் சூட்ட நம்மிடம் எதுவும் இல்லை.

## 8. வாக்கியத்தை எழுதுங்கள்

இப்போது மூன்று சொற்களுக்குத் திரும்புங்கள்.

எலும்பு உண்டு, ஆனால் விலங்கோ சரிவோ சேர்த்தது என்றால்: "இந்த வட்டாரத்தில் இருந்தார்கள், குகைக்கு வந்துபோனார்களா என்பது தனிக் கேள்வி."

அதே அடுக்கில் நெருப்பும், வெட்டிய விலங்கெலும்பும், கருவி செதுக்கிய சில்லுகளும் இருந்தால்: "தங்கினார்கள்."

தூங்கவும் சமைக்கவும் குப்பை போடவும் தனித்தனி இடம், ஒன்றுக்கு மேற்பட்ட பருவம், சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லா வயதும் தெரிந்தால் மட்டும்: "குடியிருந்தார்கள்."

சகிர்ஸ்கயாவை இதில் வைத்துப் பாருங்கள். எலும்பும் கருவியும் ஒரே அடுக்குகளில். காட்டெருமை எலும்புகளில் ஏராளமான வெட்டுக்கீறல், சேர்த்தது மனிதர். காலம் ஏறத்தாழ 59,000 முதல் 51,000 வரை. குறைந்தது 11 பேர், அவர்களுள் இரத்த உறவினர் உண்டு, சிறுவர் உண்டு. வேட்டையாடிய பருவம், மந்தைகள் இடம்பெயரும் கோடை இறுதியும் இலையுதிர் தொடக்கமும். கருவிகளின் பாணி 3,000 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே உள்ள கிழக்கு ஐரோப்பியத் தளங்களோடு ஒத்துப்போகிறது.

எல்லா வயதும் இருக்கின்றன, உறவும் இருக்கிறது; ஆனால் பருவம் ஒன்றுதான் தெரிகிறது. ஆகவே எழுத வேண்டியது: "காட்டெருமை மந்தைகள் கடந்து போகும் பருவத்தில், குடும்பங்களாக வந்து, இங்கே தங்கினார்கள்."